கொலராடோவுக்குப் படிக்கப் போகலாமா?

தென்காசியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். சிவில் முடித்துவிட்டு நீர்வளத்தில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தவர். கொலராடோவில் இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது: ஃபோர்ட் காலின்ஸில் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம், கோல்டனில் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ். "எல்லோரும் டெக்சாஸ், கலிஃபோர்னியா என்றுதான் பேசுகிறார்கள். கொலராடோவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மலை மாநிலமாமே, குளிர் தாங்குமா? வேலை கிடைக்குமா? அந்த உயரத்தில் சோறு வேகுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்" என்கிறார். கூடவே, சித்தப்பா மகன் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு போல்டரில் விண்ணப்பிக்கலாமா என்றும் ஒரு கேள்வி.

நானும் இதே படிப்புக்காகத்தான் 2012-இல் கம்பத்திலிருந்து ஃபோர்ட் காலின்ஸ் போனேன். இப்போது டென்வரில் வேலை பார்க்கிறேன். போகும் முன் இதையெல்லாம் எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். நீர்வளம் படிக்க இதைவிடப் பொருத்தமான மாநிலங்கள் அமெரிக்காவில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். தம்பிக்கு அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த மாநிலத்தின் நல்ல படிப்புகளில் பெரும்பாலானவை இந்த மண்ணிலிருந்து முளைத்தவை. தங்கமும் வெள்ளியும் தோண்டினார்கள், சுரங்கக் கல்லூரி வந்தது. தண்ணீர் இல்லாத சமவெளியில் விவசாயம் செய்தார்கள், நீரியல் வந்தது. மலைமேல் காற்று தெளிவாக இருந்தது, வானிலை ஆய்வும் வான் ஆய்வும் வந்தன. உங்கள் பாடம் இந்த வரிசையில் எங்காவது ஒட்டுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கல்லூரிகளின் தர வரிசையையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பரப்பில் கொலராடோ தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பில் 58 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. படத்தில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட செவ்வகம். அதன் கிழக்குப் பாதி முழுக்க மலையே இல்லாத புல்வெளி. டென்வர் விமான நிலையம் அந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது. மலையை எதிர்பார்த்து இறங்குகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். மேற்கே திரும்பிப் பாருங்கள், தொடுவானத்தில் நீலமாக ஒரு சுவர் தெரியும். அதுதான் ராக்கி மலைத்தொடரின் முகப்பு. ஃபோர்ட் காலின்ஸ், போல்டர், டென்வர், கோல்டன், கொலராடோ ஸ்பிரிங்ஸ் எல்லாம் அந்தச் சுவரின் அடிவாரத்தில் வடக்கு தெற்காக வரிசையாக இருக்கின்றன. மாநிலத்தின் பெரும்பாலான மக்கள் இந்த ஒரு பட்டையில்தான் வாழ்கிறார்கள். ஃப்ரன்ட் ரேஞ்ச் என்பார்கள். இந்த ஊர்களில் யாருக்கும் திசை தப்பாது. மலை இருக்கும் பக்கம் மேற்கு.

இங்கே எல்லாமே உயரம்தான். மாநிலத்தின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. வேறெந்த அமெரிக்க மாநிலத்துக்கும் இப்படிக் கிடையாது. டென்வர் சரியாக ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர். அங்கே சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு படியில் 'ஒரு மைல்' என்று செதுக்கியிருப்பார்கள். பின்னால் திரும்ப அளந்தபோது கணக்கு மாறவே, வேறு படிகளிலும் குறி வைத்தார்கள். மூன்று குறிகளையும் இன்றைக்கும் பார்க்கலாம். ஃபோர்ட் காலின்ஸ் ஏறக்குறைய ஏற்காட்டின் உயரம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் குன்னூர் உயரம். மலைக்கு உள்ளே இருக்கும் கன்னிசன் என்ற சின்னக் கல்லூரி ஊர் ஊட்டியையும் தாண்டிவிடும். மாநிலத்தின் உச்சி எல்பர்ட் சிகரம், 4,400 மீட்டர். 14,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் மட்டும் ஐம்பதுக்கும் மேல். 'ஃபோர்ட்டீனர்' என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். எத்தனை ஏறினாய் என்று கேட்பது இங்கே குசலம் விசாரிப்பது மாதிரி.

ஏற்காடு, குன்னூர் என்று சொன்னதும் பச்சையும் மூடுபனியும் நினைவுக்கு வரும். அதை மறந்துவிடுங்கள். பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. டென்வருக்கு ஆண்டு முழுக்க மழையும் பனியும் சேர்ந்து 40 சென்டிமீட்டர்கூட வராது. மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். போன முதல் வாரம் உதடு வெடிக்கும், மூக்குக்குள் காய்ந்து ரத்தம் வரலாம், துவைத்துப் போட்ட ஜீன்ஸ் அறைக்குள்ளேயே காய்ந்துவிடும். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் வார இறுதியிலேயே சிகரம் ஏறக் கிளம்பாதீர்கள். ஆஸ்துமாவோ ரத்தசோகையோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சோறு வேகுமா என்ற அம்மாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. டென்வரில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் வடித்தால் அரிசி வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். துவரம்பருப்பு என்றால் கேட்கவே வேண்டாம். குக்கர் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள், ஊரில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள்ளும் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் விசில். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. நான் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்துவிடுவேன், காலையில் சரியாக இருக்கும். கடையில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பியிருக்கும். கெட்டுப்போனதோ என்று பயப்படாதீர்கள், அதுவும் காற்றழுத்தத்தின் வேலைதான்.

குளிரைப் பற்றி. 'ஆண்டுக்கு 300 நாள் வெயில்' என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும். அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அமெரிக்காவின் வடகிழக்கில் இருப்பதுபோல் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் சாம்பல் வானம் இங்கே கிடையாது. ஒரு அடி பனி விழுந்து, மறுநாளே வெயில் அடித்து, மூன்றாம் நாள் தெரு காய்ந்து கிடக்கும். உயரத்தால் வெயில் தோலைச் சுடும். பனிக்காலத்திலும் சன்ஸ்கிரீன் வேண்டும். சிக்கல் குளிரில் இல்லை, அது மாறும் வேகத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பர் 21 அன்று டென்வரில் ஒரே மணி நேரத்தில் 20 டிகிரி செல்சியஸ் இறங்கியது. மதியம் ஸ்வெட்டரோடு போனவர்கள் மாலையில் உறைநிலைக்கு மிகக் கீழே நின்றார்கள். அதனால் ஒரே தடிமனான கோட் வாங்குவதைவிட அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும் உடைகள் உதவும். அவற்றையும் ஊரில் வாங்கிச் சுமக்காதீர்கள், இங்கே பழைய பொருள் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். பனி அதிகம் விழும் மாதம் மார்ச். ஊரில் மாம்பூ உதிரும் நேரத்தில் இங்கே மண்வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இனி படிப்புக்கு வருகிறேன். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 1870-இல் விவசாயக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. கால்நடை மருத்துவம், வளிமண்டல அறிவியல், நீரியல் மூன்றுக்கும் நாடறிந்த பெயர். அட்லான்டிக் புயல் பருவத்துக்கு முன்கூட்டியே கணிப்பு வெளியிடும் வழக்கத்தை 1984-இல் இங்கேயிருந்துதான் பேராசிரியர் வில்லியம் கிரே தொடங்கினார். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து புயலைக் கணிக்கிறார்கள். நீரியல் ஆய்வுக்கூடம் மலையடிவாரத்தில் ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சோதனைக்கான தண்ணீரை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனால் அணையின் கலிங்கு மாதிரியொன்றில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் சட்டென்று எழும்பிக் கொந்தளிப்பதை நீர்த்தாவல் என்போம்; பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த அதை முதன்முதலில் அங்கேதான் நேரில் பார்த்தேன். சத்தம் காதை அடைத்தது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கம்பத்துக்காரனுக்குச் சிலிர்க்கும். கொலராடோவின் மழையும் பனியும் பெரும்பாலும் மலைக்கு மேற்கே விழுகின்றன, மக்களோ கிழக்கே இருக்கிறார்கள். எனவே மேற்கே ஓடும் கொலராடோ ஆற்றின் தலைப்பகுதித் தண்ணீரை, தேசியப் பூங்காவுக்கு அடியில் 21 கிலோமீட்டர் குகை குடைந்து கிழக்கே திருப்பினார்கள். ஆடம்ஸ் சுரங்கம் என்று பெயர். முதல் தண்ணீர் 1947-இல் வந்தது. மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து எங்கள் பக்கம் திருப்பினார்களே 1895-இல், அதே யோசனை! எங்கள் ஊர் வயலுக்கு வரும் தண்ணீரைப் பற்றி யோசித்து வளர்ந்தவனுக்கு, ஃபோர்ட் காலின்ஸ் அந்நியமான ஊராகவே இல்லை.

அங்கே ஒரு பேரழிவிலிருந்து பிறந்த நல்ல காரியம் ஒன்று உண்டு, அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 1997 ஜூலை 28 இரவு ஃபோர்ட் காலின்ஸின் மேற்கு ஓரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. ஏறக்குறைய ஓராண்டு மழை ஒரே நாளில். சில மைல் தள்ளிக் கிழக்கே அதில் சொற்பம்தான். ஸ்பிரிங் கிரீக் என்ற சின்ன ஓடை பெருகி ஐந்து பேர் இறந்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளம் மூழ்கி லட்சக்கணக்கான புத்தகங்கள் நனைந்தன. அதிகாரப்பூர்வ மழைமானிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததால் எங்கே எவ்வளவு கொட்டியது என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. மறு ஆண்டு, பின்னாளில் மாநிலக் காலநிலை அதிகாரியாக இருந்த நோலன் டோஸ்கன், பொதுமக்களே தங்கள் வீட்டுக் கொல்லையில் மழை அளக்கும் திட்டத்தைத் தொடங்கினார். கோகோராஸ் என்பார்கள். இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. நானும் படிக்கும்போது சேர்ந்தேன். நாலு அங்குல அகலத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே மெல்லிய குழாய், மேலே புனல். தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். பனிக்காலம் வந்தால் புனலையும் குழாயையும் கழற்றிவிட வேண்டும். உருளையில் பஞ்சு மாதிரி பனி நிறைந்திருக்கும். அளந்த வெந்நீரை மெல்ல ஊற்றிக் கரைத்து, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழிக்க வேண்டும். பத்து அங்குலப் பனி கரைந்து ஒரு அங்குலத் தண்ணீராகக்கூட நிற்காது சில நாள். ஆலங்கட்டிக்கு வேறு கருவி: அலுமினியத்தாள் சுற்றிய ஒரு ஃபோம் பலகை. கல் விழுந்த பள்ளங்களை எண்ணி அளப்பார்கள். வகுப்பில் கற்றதைவிட அந்த உருளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். போனதும் சேருங்கள்.

கோல்டனில் உள்ள மைன்ஸ் 1874-இல் தொடங்கிய கல்லூரி. சிறியது, பொறியியலும் அறிவியலும் மட்டும்தான், பாடங்கள் கடினம். சுரங்கம், புவி இயற்பியல், பெட்ரோலியம், உலோகவியல், நிலத்தடி நீர் இவற்றுக்குத்தான் இதன் பெயர். மாணவர்கள் பயிற்சி எடுக்க ஐடஹோ ஸ்பிரிங்ஸில் எட்கர் சுரங்கம் என்ற உண்மையான பழைய சுரங்கமே சொந்தமாக இருக்கிறது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் பெரிய 'எம்' எழுத்து. 1908-இல் போட்டது, இரவில் விளக்கெரியும். இளங்கலையில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஆளுக்குப் பத்துப் பவுண்டுக் கல் ஒன்றைச் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்து, மலையேறி, அந்த எழுத்தின் மேல் வைத்துச் சுண்ணாம்பு அடிப்பார்கள். படிப்பு முடிந்ததும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். ஒருமுறை நண்பரோடு அங்கே போய் நின்றேன். கறுப்பு, செம்மண் நிறம், பளிங்கு என்று எத்தனையோ ஊர்க் கற்கள் சுண்ணாம்புக்கு அடியில் தெரிந்தன. கல்லைப் படிக்கும் கல்லூரிக்கு இதைவிட நல்ல சேர்க்கைச் சடங்கு இருக்க முடியாது.

இரண்டில் எது? ஆறு, அணை, பாசனம், வெள்ளம் என்றால் ஃபோர்ட் காலின்ஸ். நிலத்தடி நீர், மாசுபட்ட நீர், பாறைக்குள் நீரோட்டம் என்றால் மைன்ஸ். பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் அமிலத் தண்ணீர் இந்த மாநிலத்தின் பெரிய தலைவலி. 2015-இல் கோல்ட் கிங் சுரங்கத்திலிருந்து உடைத்துக்கொண்டு வந்த கழிவுநீரில் அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடியது. அந்த வேலைக்கு ஆள் தேவை குறையப்போவதில்லை.

போல்டரில் இருப்பது மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகம். கொலராடோ மாநிலமான அதே 1876-இல் நிறுவப்பட்டது. செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும் ஃபிளாட்டயர்ன் பாறைகளின் அடியில், அதே நிறக் கல்லில் கட்டிய வளாகம். இங்கே இயற்பியலும் விண்வெளிப் பொறியியலும் உலகத் தரம். சத்யேந்திரநாத் போஸின் கணக்கிலிருந்து ஐன்ஸ்டைன் கணித்த பொருள்நிலையை, 1995-இல் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் முதன்முதலில் உருவாக்கிக் காட்டியது இந்த ஊரில்தான். அதற்கு 2001-இல் நோபல். கல்பனா சாவ்லா முனைவர் பட்டம் பெற்றது இங்கே, 1988-இல். இங்கேயுள்ள விண்வெளி ஆய்வகத்தின் தலைமையில் போன மேவன் விண்கலம் நம் மங்கள்யானுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், 2014 செப்டம்பரில், செவ்வாயை எட்டியது. அந்த ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற மாணவர்களே விண்கலங்களை இயக்கும் மேசையில் உட்காருகிறார்கள்.

சரி, தம்பி கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ்? போல்டரில் துறை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கட்டணம் அதிகம், வாடகை அதைவிட அதிகம், இதே படிப்புக்கு வேலைச்சந்தை பெரிதாக உள்ள வேறு ஊர்கள் உண்டு. வளிமண்டல மாதிரியாக்கம், விண்கல மென்பொருள், ரோபாட்டிக்ஸ் என்று இந்த ஊரோடு ஒட்டும் ஆர்வம் இருந்தால் வரட்டும். வெறும் சிஎஸ் பட்டத்துக்காக மட்டும் என்றால், செலவைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டுமுறை யோசிக்கச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டென்வரின் நடுவே ஆராரியா என்ற ஒரே வளாகத்தை மூன்று கல்லூரிகள் பகிர்ந்துகொள்கின்றன. நகரத்தில் வேலையோடு சேர்த்துப் படிப்பவர்கள் அங்கே அதிகம். மருத்துவ ஆராய்ச்சி என்றால் அரோராவில் உள்ள ஆன்ஷூட்ஸ் வளாகம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள கொலராடோ காலேஜில் ஒரு சமயத்தில் ஒரே பாடம்தான், மூன்றரை வாரம் அதை மட்டும் படித்து முடிக்க வேண்டும். டுராங்கோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில் பூர்வகுடி மாணவர்களுக்குக் கட்டணமே கிடையாது. அது ஒருகாலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி. 1911-இல் அமெரிக்க மத்திய அரசு அதை மாநிலத்திடம் கொடுத்தபோது போட்ட நிபந்தனை இன்றும் நிற்கிறது.

இந்தக் கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். இந்த மலைகள் யூட் மக்களுடையவை, சமவெளி அரப்பாஹோ, ஷையன் மக்களுடையது. 1858-இல் தங்கம் தென்பட்டதும் கூட்டம் வந்தது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில் சமாதானக் கொடி பறக்க முகாமிட்டிருந்த ஷையன், அரப்பாஹோ மக்கள்மேல் அமெரிக்கப் படை பாய்ந்து 230 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அப்போது ஆளுநராக இருந்த ஜான் எவன்ஸ்தான் அதே ஆண்டு டென்வர் பல்கலைக்கழகத்தையும் நிறுவியவர். அவர் பெயரில் இருந்த சிகரத்துக்கு 2023-இல் ப்ளூ ஸ்கை என்று பெயர் மாற்றினார்கள்.

இனி வேலை. உங்கள் துறைக்கு இங்கே தேவை நிரந்தரம். கொலராடோவில் தண்ணீர் என்பது சொத்து. எந்த ஆண்டு முதலில் எடுத்துப் பயன்படுத்தினாயோ அந்த ஆண்டின் மூப்புப்படிதான் உரிமை. முந்தியவருக்குப் போக மிச்சம்தான் பிந்தியவருக்கு. இதற்கென்றே ஏழு ஆற்றுப் பகுதிகளுக்கும் தனித் தண்ணீர் நீதிமன்றங்கள் இருக்கின்றன. கூரையில் விழும் மழையைப் பீப்பாயில் பிடித்துவைப்பதுகூட 2016 வரை பெரும்பாலான வீடுகளுக்குச் சட்டவிரோதம். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊரிலிருந்து போன எனக்கு அது புரியவே ஒரு செமஸ்டர் ஆனது. கீழே இருக்கும் விவசாயியின் பங்கில் கைவைப்பதாகக் கணக்கு! அந்த வழக்குகளுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்க நீரியல் பொறியாளர்கள் வேண்டும். என் வேலையும் அதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்வெளி நிறுவனங்கள் இங்கே ஏராளம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலான வேலைகளுக்கு ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் உள்ளே போவது மிகக் கடினம். என்னோடு இருந்த ஒரு நண்பர் நல்ல மதிப்பெண் வாங்கியும், படிப்பு முடிந்த பிறகுதான் இந்தக் கதவு மூடியிருப்பதைக் கண்டுபிடித்தார். விண்வெளிப் படிப்புக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, நடத்தும் ஆய்வகங்களின் நிதியும் அரசியலோடு ஏறி இறங்கும், எனவே பேராசிரியரிடம் 'உங்கள் திட்டத்துக்குப் பணம் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எஃப் 1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். முடித்தபின் ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதி ஓராண்டு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பானால் இன்னும் 24 மாதம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சொல்வதையே நம்புங்கள், என்னுடையது உட்பட வேறு யார் பேச்சையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓராண்டு இருந்துவிட்டால் உள்ளூர் மாணவர் கட்டணம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். எஃப் 1 மாணவருக்கு அது பொதுவாக நடக்காது. கட்டணம் குறைய வழி ஆர்ஏ, டிஏ, அதாவது ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைப்பதுதான்.

வாடகையில் போல்டர் மிக மோசம், அதற்குக் காரணம் உண்டு. 1959-இல் மலைச்சரிவில் ஒரு உயரத்துக்கு மேல் குடிநீர் தர மாட்டோம் என்று ஊரே வாக்களித்தது. 1967-இல் தங்கள்மேல் தாங்களே வரி போட்டுச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கிக் காலி நிலமாகவே வைத்தார்கள். 1971-இல் கட்டடம் 55 அடிக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். மலை அழகாகத் தப்பித்தது, வீடு கட்ட இடம் இல்லாமல் போனது. மாணவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். ஃபோர்ட் காலின்ஸ் அதைவிடத் தேவலை. சைக்கிள் ஒன்று இருந்தால் போதும், தனிப் பாதைகள் ஊர் முழுக்க உண்டு. விமான நிலையத்திலிருந்து டென்வர் யூனியன் ஸ்டேஷனுக்கு ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். அங்கிருந்து ஃபோர்ட் காலின்ஸுக்கு பஸ்டாங் என்ற மாநில பஸ். மலைக்குள் போக மட்டும் கார் வேண்டும். குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் ஐ 70 நெடுஞ்சாலை பனிச்சறுக்குக் கூட்டத்தால் நகராது. 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டும்போது இந்தப் பக்கம் வெயிலும் அந்தப் பக்கம் பனிப்புயலுமாக இருப்பது சாதாரணம். பனி டயர் இல்லாத நண்பரின் காரில் ஏறாதீர்கள்.

கஞ்சா விஷயத்தைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். 2012 வாக்கெடுப்புக்குப் பிறகு கொலராடோவில் 21 வயதானவர்களுக்கு அது சட்டபூர்வம். 2014 முதல் கடைகளில் விற்கிறார்கள். மருந்துக் கடை மாதிரி பலகை வைத்திருப்பார்கள். ஆனால் கூட்டரசுச் சட்டத்தில் அது இன்றும் குற்றம், உங்கள் விசாவோ கூட்டரசின் கையில். தொட்டதாக ஒப்புக்கொண்டாலே மறுமுறை நாட்டுக்குள் நுழைவதில் சிக்கல் வரலாம். அந்தக் கடையில் வேலை செய்யவும் கூடாது. மிட்டாய், கேக் வடிவிலும் இருக்கும், விருந்துகளில் என்ன என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மலைக்குப் போகும்போது இரண்டு விஷயம். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை கிட்டத்தட்டத் தினமும் வரும். மரங்கள் முடிந்த உயரத்துக்கு மேல் நீங்கள்தான் மின்னலுக்கு உயரமான பொருள். விடியும் முன் ஏறி, பன்னிரண்டு மணிக்குள் மரங்களுக்குள் இறங்கிவிடுங்கள். அடுத்தது, பள்ளத்தாக்குச் சாலைகளில் 'வெள்ளம் வந்தால் மேலே ஏறு' என்று பலகை இருக்கும். 1976 ஜூலை 31 இரவு பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காரில் தப்பிக்கப் பார்த்தவர்கள் பலர். தண்ணீர் ஏறுவதைக் கண்டால் காரை விட்டுவிட்டுச் சரிவில் ஏற வேண்டும்.

நம் ஆட்கள் டெக்சாஸ் அளவுக்கு இல்லை. டென்வரின் தெற்குப் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, சென்டென்னியலில் இந்துக் கோயில் இருக்கிறது. ஃபோர்ட் காலின்ஸில் கறிவேப்பிலைக்கே அலைந்த நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் அதனாலேயே ஆய்வகத்தில் நேபாளி, எத்தியோப்பியர், நெப்ராஸ்கா விவசாயி மகன் என்று எல்லோரோடும் பழக நேர்ந்தது.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு துறைகளிலும் உங்களுக்குப் பிடித்த பேராசிரியர் இரண்டிரண்டு பேருக்கு எழுதுங்கள். அவர்களுடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, தாமிரபரணியிலோ குற்றாலத்து ஓடைகளிலோ நீங்கள் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதுங்கள். பதில் யாரிடமிருந்து வருகிறது, நிதி பற்றி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அம்மாவிடம் ஐந்து லிட்டர் குக்கர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கூடுதலாக இரண்டு கேஸ்கட்டும். அந்தக் காய்ந்த காற்றில் ரப்பர் சீக்கிரம் போய்விடும்.